வண்டு எரியுது, அண்ணே

என் பிக்கப்பின் டேஷ்போர்டில் ஆறு மாதமாக ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒட்டியது எங்கள் டிரைவர் தம்பி. ஒட்டச் சொன்னது நான்.

சைதாப்பேட்டைப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். பழைய பெயரில் சொன்னால் மைக் செட். வண்டி டபுள் கேபின் பிக்கப். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு கதவு. பின் சீட்டில் பையன்கள் இரண்டு பேரும், மைக், பாட்டுச் சத்தங்களைக் கலக்குகிற மிக்சரும் உட்கார்ந்து வருவார்கள். மிக்சரைத் திறந்த தொட்டியில் ஏற்ற மனசு வராது. வண்டியை செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கோளாறு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானது இல்லை.

போன ஐப்பசி மழையில்தான் அந்த விளக்கு முதலில் எரிந்தது. கதவு சரியாக மூடவில்லை என்று சொல்கிற சிவப்பு விளக்கு. மேலிருந்து பார்க்கிற காருக்கு இரண்டு பக்கமும் றெக்கை முளைத்த மாதிரி ஒரு படம். பையன்கள் அதற்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “அண்ணே, வண்டு எரியுது” என்பான் ஒருவன். இறங்கி நாலு கதவையும் ஓங்கி அறைவோம், அணைந்துவிடும். ஒரு வாரம் கழித்து அறைந்தாலும் அணையவில்லை. வண்டி நகர்ந்ததும் ‘டிங், டிங்’ வேறு. சைதாப்பேட்டையிலிருந்து செங்குன்றம் போகிற வரைக்கும் அந்த ‘டிங்’ கூடவே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தோம். கண்ணை உறுத்துகிறது என்று டிரைவர் சொன்னான், டேப் ஒட்டுடா என்றேன்.

அடுத்து பேட்டரி. மார்கழியில் கல்யாணம் கிடையாது, வண்டி மூன்று நாள் சும்மா நின்றது. நாலாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. காரணம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். கதவு திறந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் உள்ளே இரண்டு கேபின் பல்பும் எரிந்துகொண்டே இருக்கின்றன. பல்பு ஒன்று 5 வாட், இரண்டும் சேர்ந்து 10. பன்னிரண்டு வோல்ட்டில் அது முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று நாள் என்றால் 72 மணி நேரம், கிட்டத்தட்ட 60 ஆம்பியர்-அவர். என் பேட்டரியே 70தான். கொஞ்ச நேரத்தில் தானாகவே கேபின் லைட்டை அணைத்துவிடும் புத்திசாலி வண்டிகள் உண்டு. என்னுடையது அந்த ஜாதி இல்லை. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். அப்போதாவது கோளாறைத் தேடியிருக்கலாம். நான் செய்தது, கேபின் லைட் சுவிட்சை ‘ஆஃப்’ பக்கம் தள்ளியது. பேட்டரிக்கு அதோடு நிம்மதி. அடுத்தவன் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால் வாய் கிழியத் திட்டுகிறவன் நான்.

வைகாசி முகூர்த்தம் ஒன்று. பூந்தமல்லியில் ரிசெப்ஷன் முடித்து, பெட்டியெல்லாம் ஏற்றிக் கிளம்ப ராத்திரி ஒரு மணி. போரூர் தாண்டி, மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து ஒடுக்கிய ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். ஒரு பள்ளம். வண்டி குதித்து இறங்கியது. பின்னால் இடது கதவு ஆவென்று திறந்துகொண்டது. கதவோரம் வைத்திருந்த ஒயர் பை ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் அடித்து, நியாயமாகவே எங்கள் பரம்பரையை விசாரித்தார். பின் சீட்டில் அன்றைக்கு ஒரு பையன்தான், வலது பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வழக்கமாக அவன் உட்காருவது இடது பக்கம். மிக்சரை அங்கே கட்டியிருந்ததால் அன்றைக்கு மாறி உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இதுதான். கதவுப் பூட்டுக்கு இரண்டு பிடி உண்டு. லேசாகச் சாத்தினால் ‘டக்’ என்று முதல் பிடி. அழுத்திச் சாத்தினால் இன்னொரு ‘டக்’, அது முழுப் பிடி. சரியாகச் சாத்தாத கதவு உடனே திறந்து விழாமல் கொஞ்சம் தாங்குவதற்காகவே அந்த முதல் பிடியை வைத்திருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் பையன் அரையும் குறையுமாகச் சாத்தியிருக்கிறான். இதைச் சொல்லத்தான் வண்டு இருக்கிறது. அதுவோ ஆறு மாதமாக டேப்புக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு மட்டும் அது நிஜமாகவே எரிந்தது என்று யாருக்குத் தெரியும்?

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “சுவிட்ச் தனியா வராது சார், லாட்ச் செட்டாத்தான் வரும். நாலையும் மாத்திடலாம்” என்றார். லாட்ச் என்றால் கதவுப் பூட்டு. சொன்ன தொகைக்கு நான் ஒரு நல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்குவேன். யோசிக்கிறேன் என்று சொல்லி நேராகப் புதுப்பேட்டைக்கு வண்டியை விட்டேன்.

புதுப்பேட்டையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவில் இருக்கிறது. காரை அக்கக்காகப் பிரித்துத் தெருவெல்லாம் தொங்கவிட்டிருப்பார்கள். கதவு ஒரு கடை, பம்பர் ஒரு கடை, ஸ்டீயரிங் ஒரு கடை. பழைய லாட்ச் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் என் திட்டம். அங்கே ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஸ்டூலில் உட்கார்ந்து டைனமோ ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலை நிமிராமலே கேட்டார்:

“எந்தக் கதவு?”

“பின்னால லெஃப்ட்டு. அதுதான் தொறந்துக்கிச்சு.”

“தொறந்த கதவக் கேக்கல. வெளக்க எரிய விடுற கதவு எது?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“கதவு நாலு, வெளக்கு ஒண்ணு. மொதல்ல எந்தக் கதவுன்னு கண்டுபுடி தம்பி. அப்புறமா லாட்ச் வாங்க வா. இல்ல, வராமலே இருந்தாலும் சரி.”

காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் ஐந்து நிமிஷம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தேன்.

பழைய வண்டிகளில் கதவுச் சட்டத்தில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும். கதவு சாத்தினால் அமுங்கும், திறந்தால் வெளியே வந்து பாடியில் எர்த் ஆகும், அதாவது ஒயர் வண்டித் தகரத்தோடு சேரும், விளக்கு எரியும். ஃபிரிட்ஜ் கதவில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான். புது வண்டிகளில் அந்தப் பொத்தான் காணாமல் போய், கதவுப் பூட்டுக்குள்ளேயே ஒரு குட்டி மைக்ரோ சுவிட்சாக ஒளிந்துகொண்டது. பூட்டின் கொக்கி சுற்றி முழுப் பிடிக்கு வந்தால் சுவிட்ச் ஒரு நிலை, விட்டால் இன்னொரு நிலை. என் வண்டியில் கதவு திறந்தால் சுவிட்ச் அந்த ஒயரை எர்த்தில் சேர்க்கிறது. ஆக, மூடிய கதவுக்கு விளக்கு எரிகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: ஒன்று, சுவிட்ச் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லை, வழியில் எங்கேயோ ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. சில வண்டிகளில் இது தலைகீழ். கதவு மூடினால்தான் சுவிட்ச் சேரும். அந்த மாதிரி வண்டியில் ஒயர் அறுந்தாலே விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். வேலையை ஆரம்பிக்கும் முன் உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெரியவர் சொன்ன வழி எளிமையானது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீல் பக்கம், துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதற்குள்தான் கதவுக்குப் போகிற எல்லா ஒயரும் ஓடுகின்றன. என் வண்டியில் அதன் பாடி முனையில் ஒரு சாக்கெட் உண்டு. ஒரு கதவை மட்டும் திறந்து அந்த சாக்கெட்டைப் பிடுங்க வேண்டும். கதவு திறந்தே கிடந்தாலும் வண்டியைப் பொறுத்தவரை அந்தக் கதவே இப்போது இல்லை. விளக்கு அணைந்தால் குற்றவாளி அதுதான். அணையாவிட்டால் மாட்டிவிட்டு, சாத்திவிட்டு, அடுத்த கதவு. சாவி போடத் தேவையில்லை, கேபின் லைட்டை மறுபடி ‘டோர்’ நிலையில் வைத்தால் அதுவே டெஸ்ட் லாம்ப். ஒன்று சொல்லிவிடுகிறேன், கதவுக்குள் ஏர்பேக் சென்சார் வைத்த வண்டிகள் உண்டு. அவற்றில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் கதவு சாக்கெட்டைத் தொடக் கூடாது. அப்படியானால் இந்த டெஸ்ட் லாம்ப் வித்தையும் அங்கே ஆகாது, ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் போவதே நல்லது. என்னுடையதில் அந்த வசதியும் இல்லை, ஆபத்தும் இல்லை.

பின் இடது கதவைத்தான் முதலில் திறந்தேன். பிடுங்கினேன். கேபின் லைட் எரிகிறது. பின் வலது, எரிகிறது. முன் இடது, எரிகிறது. டிரைவர் கதவு. பிடுங்கினேன், ‘டப்’ என்று இருட்டு. கதவு அகலத் திறந்து கிடக்கிறது, உள்ளே விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி மாட்டினேன், எரிந்தது. ரோட்டில் திறந்துகொண்ட கதவுக்கும் இந்த விளக்குக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. புதுப்பேட்டையில் அன்றைக்கு அவசரப்பட்டு லாட்ச் வாங்கியிருந்தால், நல்ல கதவைப் பிரித்து நல்ல லாட்ச்சைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

சுவிட்சா, ஒயரா? முதலில் செலவு குறைந்த வழி. லாட்ச் வாயில் ஸ்ப்ரே அடித்துக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் பத்து தடவை சுற்றி விட்டேன். எங்கள் ஊர்த் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து உள்ளே இட்லி மாவு மாதிரி இறுகிக் கிடந்தது, கறுப்பாக வழிந்தது. எல்லோரும் அடிக்கிற டபிள்யூ.டி.40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953இல் அமெரிக்காவில் செய்தது. அதில் உள்ள டபிள்யூ.டி. என்பதே நீரை விலக்குவதைக் குறிக்கிற எழுத்துகள்தான், நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் 40. அழுக்கை இளக்கும், கிரீஸ் வேலையை அது பார்க்காது. அடித்துத் துடைத்த பிறகு வெள்ளை கிரீஸ் கொஞ்சம் வைக்க வேண்டும். வைத்தேன். கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. வண்டு அசரவில்லை.

சரி, கதவுப் பேடை, அதான் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கிற அட்டையை, கழற்ற வேண்டியதுதான். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று, கண்ணாடி மூலையில் முக்கோண மூடிக்கு அடியில் ஒன்று. இந்த மூன்றாவதை மறந்துவிட்டு இழுத்ததில் மூன்று கிளிப் உடைந்தது. பிறகு ஜி.பி. ரோட்டில் ஒரு டஜன் வாங்கி வைத்தேன். கதவுப் பேடைக் கழற்றுகிறவன் கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதுதான் முறை.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். பலர் அதை பேக்கிங் கவர் என்று நினைத்துக் கிழித்துப் போடுவார்கள். கதவுக்குள் மழைத் தண்ணீர் வருவது கோளாறு இல்லை, வரும் என்று தெரிந்தேதான் கதவைச் செய்கிறார்கள். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் கேபினுக்குள் தெறிக்காமல் தடுப்பது இந்த ஷீட். என் வண்டியின் பழைய ஓனர் ஸ்பீக்கர் மாட்டுவதற்காக ஷீட்டை வட்டமாக வெட்டி, ஒட்டாமல் விட்டிருந்தார். ஸ்பீக்கர் மாட்டுகிறவனே ஸ்பீக்கர்காரனைத் திட்டக் கூடாது, இருந்தாலும் திட்டினேன். அடியில் ஓட்டைகளோ சேறு அடைத்துக் கிடந்தன. ஒரு தென்னை ஈர்க்கைவிட்டுக் குத்தினேன், அரை டம்ளர் தண்ணீர் காலில் கொட்டியது. வைகாசி வெயிலில்!

இப்போது லாட்ச்சின் பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்ச் பழுது என்றால் விளக்கு அணைய வேண்டும்.

அணையவில்லை. சுவிட்ச் நிரபராதி. சர்வீஸ் சென்டர்காரர் நாலு லாட்ச்சையும் மாற்றிக் கொடுத்திருந்தாலும் இந்த விளக்கு இப்படியேதான் எரிந்திருக்கும்.

மிச்சம் இருப்பது லாட்ச்சிலிருந்து கீல் வரை ஓடுகிற ஒயர். பாடி பக்கத்து சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை, இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் ‘பீப்’ என்கிற கன்டின்யூட்டியில் வைத்து, ஒரு முனையை அந்த ஒயரிலும் இன்னொன்றைக் கதவுத் தகரத்திலும் வைத்தேன். ‘பீப்’. எதையும் தொடக் கூடாத ஒயர் எங்கேயோ தகரத்தைத் தொடுகிறது. அந்த பீப்பைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக மைக் கார்டு சோல்டர் செய்கிறவன் நான். மைக் ஒயர் நடுவில் அறுபட்டு நான் பார்த்ததே இல்லை. ஜாக்குக்கு ஒரு அங்குலம் தள்ளிக் கழுத்தில், மடங்குகிற இடத்தில்தான் போகும். ‘கர்ர்’ சத்தம் வந்தால் நான் நேராகக் கழுத்தைத்தான் பிடிப்பேன். கதவுக்கு மடங்குகிற இடம் எது? அந்த ரப்பர் துருத்தி. அதிலும் டிரைவர் கதவு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்தாலே வருஷத்துக்கு 14,000க்கு மேல். பவர் விண்டோ வேறு சில மாதமாகவே நடுவழியில் நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தது. அதே கட்டில் ஓடுகிற ஒயர். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரப்பரை உரித்துப் பின்னுக்குத் தள்ளினேன். கதவுப் பக்கம், ஒயர் கட்டு தகரத்து ஓட்டைக்குள் நுழைகிற விளிம்பில், ஒரு ஒயரின் தோல் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. செம்பு என்று சொல்வது மரியாதைக்கு; பூஜை அறையில் தேய்க்காமல் விட்ட பஞ்சபாத்திரம் மாதிரி பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. விரலால் அதைத் தகரத்திலிருந்து ஒரு நூல் தள்ளினேன். மீட்டர் வாயை மூடியது. விட்டேன், ‘பீப்’. பக்கத்திலேயே விண்டோ ஒயர் பாதி இழை அறுந்து தொங்கியது.

பையன் சோல்டரிங் அயர்னைச் சுட வைத்துத் தயாராக நின்றான். அங்கேயே ஒட்டிவிடலாம் என்பது அவன் கட்சி. கூடாது என்றேன். ஈயம் ஏறிய ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும், மடங்குகிற இடத்தில் ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். இதுவும் மைக் கார்டில் படித்த பாடம்தான். அந்த இரண்டு ஒயரிலும் ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய இழை நிறைய உள்ள புது ஒயர் போட்டேன். ஒட்டு இரண்டும் துருத்திக்கு வெளியே, ஒன்று கதவுக்குள், ஒன்று டேஷ்போர்டுப் பக்கம் வருகிற மாதிரி. ஒட்டின் மேல் சுருங்குகிற சிலீவ். தகர விளிம்பில் வளையம் மாதிரி ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூப். ஷீட்டை ஒட்டினேன், பேடை மாட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு மணி நாலு ஆகிவிட்டது. செலவு கிளிப்பையும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்.

பிறகு பெரியவர் சொன்ன கடைசிச் சோதனை. கதவைத் திறந்து வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைச் சுற்றி விடவேண்டும். முதல் ‘டக்’, விளக்கு எரிகிறது. இரண்டாவது ‘டக்’, அணைகிறது. கதவு திறந்தே இருந்தாலும் பூட்டு மூடிவிட்டதாக நம்புகிறது. நாலு கதவுக்கும் பார்த்தேன், நாலும் சரி. இதில் ஒரு விஷயம் முக்கியம், கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். சொல்லி வாய் மூடவில்லை, பையன் பின் கதவை வீசிச் சாத்தினான். மூடிய கொக்கி சட்டத்து வளையத்தில் ‘டணார்’ என்று மோதி, கதவு திரும்பி வந்து அவன் முழங்காலிலேயே விழுந்தது. பெயின்ட்தான் கொஞ்சம் போச்சு. முழங்காலும் கொஞ்சம்.

டேப்பை உரித்தோம். கோந்து மட்டும் கண்ணாடியில் பிசுபிசுத்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தான் டிரைவர்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் சின்னமலை பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டு ஒரு கண் சிமிட்டியது. ஒரே சிமிட்டல். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஒட்டு விட்டுவிட்டதோ என்று. இந்தத் தடவை டிரைவர் கதவைத் தொடவில்லை. ஓரமாக நிறுத்தி நாலு கதவையும் கையால் உள்ளே தள்ளிப் பார்த்தேன். பின் இடது கதவு, அதே கதவு, மூடிய நிலையிலும் ஒரு நூல் ஆடியது. கொக்கி பிடிக்கிற வளையம், அதான் ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. அதனால் கதவு இறுக்கமாக உட்காராமல், வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆடும். அன்றைக்கு ராத்திரி பையனை மட்டும் திட்டியது தப்பு. ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவையும் தளர்த்தி, கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தட்டி இறுக்கினேன். கோடு போடாமல் தளர்த்தினால் பழைய இடம் எது என்று தெரியாமல் சாயங்காலம் வரை கதவைச் சாத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நேற்று ராத்திரி திருப்போரூரில் ஒரு காதுகுத்து முடித்துக் கிளம்பினோம். கேளம்பாக்கம் வருவதற்குள் ‘டிங்’ என்றது. டிரைவர் பதறிப்போய், “அண்ணே, மறுபடி வண்டு!” என்றான். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பின் வலது கதவில் மைக் ஸ்டாண்டு பையின் வார் மாட்டியிருந்தது. வாரை உள்ளே தள்ளி, ஓங்கி ஒரு சாத்து.